இருபத்தெட்டாம் நாள் சீட்டு

கலவை ஆலையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லாரி ஓட்டுகிறவர்கள் முதல் கேட்டில் உட்கார்ந்திருக்கும் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் அமுக்கக்கா. காங்கிரீட்டை உருளையாக வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, நாள் எண்ணி எடுத்து, இயந்திரத்தில் வைத்து அமுக்கி உடைப்பது அவள் வேலை. எவ்வளவு பாரத்தில் உடைந்தது என்று சீட்டில் எழுதி அவள் கையெழுத்துப் போட்டால்தான் ஆலைக்கு அடுத்த ஆர்டர். பதினொரு வருஷமாக உடைக்கிறாள். கோபம் வந்தால் வீட்டில் ஒரு தட்டைக்கூடத் தூக்கிப் போடாத பெண்டாட்டி தனக்கு வாய்த்திருக்கிறாள் என்று அவள் வீட்டுக்காரர் சொல்வார். எல்லாவற்றையும் வேலை செய்யும் இடத்திலேயே உடைத்து முடித்துவிட்டு வருகிறாளாம்.

காங்கிரீட் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு பயம்தான் உண்டு. உருளை சீக்கிரம் உடைந்துவிடக் கூடாது. இருபத்தெட்டாம் நாள் அமுக்கும்போது கேட்ட பாரத்துக்குக் கீழே உடைந்தால் சிவப்பு மையில் எழுத வேண்டும். சிவப்பு மை எழுதினால் மேனேஜர் வருவார், ஓனர் வருவார், எவன் தண்ணீர் அதிகம் ஊற்றினான் என்று ஊரே சேர்ந்து தேடும். ஆனால் கேட்டதற்கு மேலே தாங்கினால் ஏன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. மார்க் அதிகமாக வாங்கி வந்த பிள்ளையை எந்த அப்பன் திட்டினான்? இயந்திரத்தின் முள் மேலே ஏற ஏற அவளுக்கும் மனசு குளிர்ந்து போகும். வேறு என்ன இருக்கிறது அந்த அறையில் சந்தோஷப்பட?

அப்படிப் பழகிய கைக்குத்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தச் சேறு வந்து சேர்ந்தது.

சேறு என்பது ஆலைக்காரர்கள் வைத்த பெயர். தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை மறுபடி மண் போட்டு மூடினால், இடித்து இறுக்க ஆள் வேண்டும், ரோடு ரோலர் வேண்டும், அப்படியும் ஆறு மாதத்தில் சாலை குழி விழும். அதற்குப் பதிலாக லாரியில் சேறு மாதிரி ஒரு கலவையைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டால் அதுவே ஓடிப்போய் சந்து பொந்தெல்லாம் நிறைந்து, தானே உட்கார்ந்து, தானே இறுகிக்கொள்ளும். போடுகிற சரக்கும் சும்மா கிடைக்கிற சரக்கு. மின்நிலையத்துக் கொதிகலன் சாம்பல், இரும்பு வார்க்கிற பட்டறையில் கருகிப்போன மணல், கொஞ்சம் சிமெண்ட், நிறையத் தண்ணீர். யாருக்கும் வேண்டாத குப்பையெல்லாம் தெருவுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இந்தச் சேறு பலமாக இருக்கக் கூடாது. நாளைக்குக் குழாய் ஒழுகினால் ரெண்டு பேர் மண்வெட்டியோடு போய் வெட்டி எடுக்க வேண்டுமே. அதனால் குடிநீர் வாரியம் போட்ட நிபந்தனை தலைகீழாக இருந்தது. இருபத்தெட்டாம் நாள் அமுக்கினால் அரை மெகாபாஸ்கலுக்கு மேலே போகக் கூடாது. சாதாரணக் காங்கிரீட்டில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. சுவர்ப்பூச்சை விட லேசு.

முதலில் செய்து பார்த்த கலவைகள் அந்த அரைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. தொட்டியிலிருந்து எடுக்கும்போதே கையோடு கரைந்து வந்தன. பலமாக இருக்கக் கூடாது என்பதற்காக ஒரேயடியாகக் கரைந்தும் போகக் கூடாது அல்லவா? மேனேஜர் சிமெண்டைக் கூட்ட மாட்டேன் என்றார். அவருக்கு ஆலையில் சாம்பல் சார் என்று பெயர். இந்தத் திட்டம் வந்த நாளிலிருந்து வாயைத் திறந்தால் சாம்பல்தான்.

ஒரு மத்தியானம், டீ ஆறிக்கொண்டிருந்தபோது, அவள்தான் சொன்னாள். "சார், உருக்காலைக் கசடை அரைச்ச தூள் சைலோவில சும்மாதான் கெடக்கு. சிமெண்டை எடுத்துட்டு அதைப் போட்டுப் பாப்போமா? அதுவும் கழிவுதானே."

போட்டுப் பார்த்தார்கள். இருபத்தெட்டாம் நாள் முள் புள்ளி நாலில் வந்து நின்றது. உடம்புக்கு அளந்து தைத்த மாதிரி. மேனேஜர் அன்றைக்கே மேலே போன் போட்டு, நான் ஒரு யோசனை பண்ணினேன் என்று ஆரம்பித்தார். நாலு மாதம் கழித்து முழுக்க முழுக்கக் கழிவில் செய்த கலவை என்று ஆலைக்கு விருது கிடைத்தது. மேடையில் எடுத்த படம் இன்றும் அலுவலக வாசலில் மாட்டியிருக்கிறது. நடுவில் மேனேஜர். ஓரத்தில் ஒரு தோள்பட்டையும் பாதிக் காதும் தெரியும். அந்தக் காது அவளுடையது.

வீட்டில் அவள் இதைச் சொல்லவில்லை. சொன்னால், "உன் யோசனையைத் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கறியா, ஏமாளி" என்று வீட்டுக்காரர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. யோசனை மேனேஜருடையது என்றே வீட்டிலும் இருந்துவிட்டது.

அவர் வேலை பார்த்ததும் அதே தெருக்களில்தான். குடிநீர் வாரியத்தில் குழாய் பழுது பார்க்கும் கோஷ்டி. அவள் அமுக்கிப் பாஸ் போட்ட சேற்றை ஊற்றுவது ஆலை. ஒழுகினால் தோண்டி எடுப்பது அவர். "கல்யாணத்துக்கு அப்புறமும் உன் வேலையை நான்தான் கிளறிக்கிட்டு இருக்கேன்" என்பார்.

சோதனைக்கு வார்த்ததில் மிஞ்சுகிற உருளைகளை ஆளாளுக்கு வீட்டுக்கு எடுத்துப்போவது ஆலை வழக்கம். ஒருவர் வீட்டில் பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும், இன்னொருவர் வீட்டில் கட்டில் காலுக்கு முட்டுக்கொடுக்கும். அவளும் புதுச் சேற்றில் வார்த்த ஒன்றைக் கொண்டுவந்து, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் தெறிக்கும் பின்கதவு காற்றில் அடிக்காமல் இருக்க வைத்தாள். அன்று அவர் டீ ஸ்பூனை எடுத்து அதன் தலையில் சுரண்டினார். மாவு மாதிரி உதிர்ந்தது. அரை மணி நேரத்தில் உள்ளங்கை அளவுக்குக் குழி பறித்து அதில் வீட்டுச் சாவியைப் போட்டார்.

"இதைப் போயா காங்கிரீட்டுன்னு விக்கிறீங்க? பிஸ்கட்டு இதைவிடக் கெட்டியா இருக்கும்."

"உங்களுக்காகத்தான் இப்படிப் பண்ணியிருக்கோம். இனிமே தரையை உடைக்கற பிரேக்கரைத் தூக்க வேண்டாம்" என்றாள் அவள். அப்படியே நம்பினாள்.

பிரேக்கரைத் தூக்கத் தேவையில்லாமல்தான் போயிற்று. வாரியம் அதை எடுத்துக்கொண்டது. முன்பெல்லாம் ஒரு கோஷ்டிக்கு ஐந்து ஆள், காற்றழுத்த வண்டி ஒன்று, அதில் ஓடுகிற பிரேக்கர் இரண்டு. இப்போது மண்வெட்டியே போதும் என்று சான்று இருக்கிறதே. வண்டி ஏலத்தில் போயிற்று. மூன்று பேரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மிஞ்சினது அவரும், நெட்டையன் என்று கூப்பிடப்படுகிற அவருடைய கூட்டாளியும், ரெண்டு மண்வெட்டியும். பிரிவு அலுவலகத்தில் அவளுடைய இருபத்தெட்டாம் நாள் சீட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒரு குழியை ரெண்டு மணி நேரத்தில் தோண்டலாம் என்று அதற்குப் பக்கத்தில் ஒரு அட்டவணை.

முதல் வருஷம் ஒன்றும் தெரியவில்லை. தோண்டினார்கள், அடைத்தார்கள், வீட்டுக்கு வந்தார்கள். ரெண்டாவது வருஷம் பாதியில் அவர் முணுமுணுக்க ஆரம்பித்தார். பழைய பள்ளங்கள் மண்வெட்டிக்கு மசியவில்லை. கடப்பாரை எடுத்தார்கள். பிறகு உளியும் சம்மட்டியும் எடுத்தார்கள்.

"என்ன போட்டுத் தொலைச்சீங்க உள்ள? கல்லு மாதிரி இருக்கு" என்றார் ஒரு நாள் சாப்பிட உட்காரும்போது.

"கல்லா? என் சீட்டுல புள்ளி நாலு."

"உன் சீட்டை வெச்சு நான் தோண்டல. கடப்பாரையால தோண்டறேன்."

"வேற கம்பெனி ஊத்தின எடமா இருக்கும். இல்லேன்னா சாலைத் தாரைக் குத்திட்டு சேறுங்கறீங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. "வயசாகுதுங்க உங்களுக்கு. ஒத்துக்கங்க."

அவர் சோற்றைப் பிசைந்தார். பிசையும்போது விரல்கள் சரியாகக் கூடவில்லை என்பதை அவள் பார்த்தாள். பார்த்தும், சீட்டில் உள்ள எண்ணைத்தான் நம்பினாள். பதினொரு வருஷமாக எண்ணை நம்பிச் சம்பளம் வாங்குகிறவளுக்குப் புருஷன் சொல்வது எம்மாத்திரம்?

விரல்கள் அதற்குப் பிறகு இன்னும் மோசமாகின. நாள் முழுக்கச் சம்மட்டி அடித்து அடித்து ரெண்டு கையும் மரத்துப்போயின. காலையில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும், பிறகு ஒன்றுமே தெரியாது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஒரு நாள் கண்ணாடி முன்னால் அவர் ஒரே பொத்தானோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவள் வந்து போட்டுவிட்டாள். பிறகு தினமும் அவள்தான். கழுத்திலிருந்து ஆரம்பித்துக் கீழே வருவாள். அவர் மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த ரெண்டு நிமிஷத்தில் பேசிக்கொள்வது குறைவு, ஆனாலும் அவளுக்கு அந்த ரெண்டு நிமிஷம் பிடித்திருந்தது. அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

வேலை தாமதம் என்று வாரியத்திலிருந்து முதல் மெமோ வந்தது, ரெண்டாவது வந்தது. மூன்றாவது மெமோ ஒரு மருத்துவமனைத் தெருவில் நடந்ததற்காக. குழாய் உடைந்து தண்ணீர் தெருவில் ஓடியது. ரெண்டு மணி நேர வேலைக்கு அவரும் நெட்டையனும் பத்து மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். அதுவரை மருத்துவமனைக்குத் தண்ணீர் இல்லை. வேண்டுமென்றே தாமதம் என்று எழுதி, விசாரணைக்குத் தேதியும் போட்டு அனுப்பியிருந்தார்கள். நிரூபணமானால் வேலை போய்விடும். கோஷ்டிக்கு மேஸ்திரி என்பதால் பொறுப்பு அவர் தலையில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பின்கதவுப் படியில் உட்கார்ந்தார். உருளையின் குழியிலிருந்து சாவியை எடுத்துக் கீழே வைத்தார். சமையலறையிலிருந்து அதே டீ ஸ்பூனைக் கொண்டுவரச் சொன்னார். எதற்கு என்று கேட்டுக்கொண்டே கொடுத்தாள். அவர் ரெண்டு கையாலும் ஸ்பூனைப் பிடித்துக் குழிக்குள் குத்திச் சுரண்டினார். கீச்சென்று சத்தம்தான் வந்தது. ஒரு துளி தூள் உதிரவில்லை. இன்னும் அழுத்தினார். ஸ்பூன் கழுத்தில் மடங்கியது.

மடங்கின ஸ்பூனை அவள் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

திங்கட்கிழமை அவள் ஆலைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போனாள். தண்ணீர்த் தொட்டியின் அடியில், எடு என்றும் போடு என்றும் யாரும் சொல்லாமல் விட்டுப்போன பழைய உருளைகள் கிடக்கும். கையை முழங்கை வரை விட்டுத் துழாவினாள். முதல் வருஷத்துச் சேற்றில் மூன்று கிடைத்தன. மேலே ஒட்டியிருந்த பாசியைத் துடைத்துத் தேதியைப் படித்தாள். ரெண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகியிருந்தது.

முதல் உருளையை இயந்திரத்தில் வைத்தாள். முள் புள்ளி நாலைத் தாண்டியது. ஒன்றைத் தாண்டியது. ரெண்டைத் தாண்டியது. அவளுக்கு மனசு குளிர்ந்தது. ஆமாம், குளிர்ந்தது. அந்த ஒரு நொடிக்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை. முள் ஏறினால் மகிழ்ந்து பழகிய நெஞ்சு, எதன் முள், யாருடைய கை என்று பார்க்காமல் மகிழ்ந்துவிட்டது. நாலு புள்ளி ஒன்றில் உருளை சத்தத்தோடு பிளந்தது. அடுத்தது மூன்று புள்ளி ஒன்பது. அதற்கடுத்தது நாலு புள்ளி மூன்று. பத்து மடங்கு.

கசடுத் தூள் சோம்பேறிச் சரக்கு. சிமெண்ட் மாதிரி ஒரு மாதத்தில் தன் வேலையை முடித்துக்கொண்டு ஓய்வதில்லை. ஈரம் இருக்கிற வரைக்கும் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே போகும். குழாய்ப் பள்ளத்தில் ஈரத்துக்கா பஞ்சம்? இது அவளுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. பயிற்சி வகுப்பில் எழுதிப் பரீட்சை பாஸ் பண்ணியிருக்கிறாள். ஆனால் இறுகுவது நல்லது என்றுதான் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள்.

மூன்று எண்ணையும் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜர் முன்னால் வைத்தாள்.

சாம்பல் சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். "இந்த டெஸ்டை யாரு பண்ணச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். நானாத்தான் பண்ணினேன்."

"வாரியம் கேட்டது இருபத்தெட்டு நாள். நாம குடுத்தது இருபத்தெட்டு நாள். அதுக்கப்புறம் அது மண்ணுக்குள்ள என்ன பண்ணினா நமக்கென்ன?"

"தோண்ட முடியல சார். ஆளுங்க கை போகுது."

"கெட்டியா இருக்குன்னு இதுவரைக்கும் எந்த கஸ்டமராவது நம்மமேல கேஸ் போட்டிருக்கானா?" நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். "நல்லவேளை ஞாபகம் வந்துச்சு. வாரியத்துல ஏதோ விசாரணையாம். எவனோ சோம்பேறி மேஸ்திரி சேறு கெட்டியா இருந்துச்சுன்னு கதை விடறானாம். சீட்டு சரிதான்னு சொல்ல நம்ம பக்கத்துல இருந்து ஒருத்தர் வேணுமாம். நீ போயிட்டு வா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

கடிதத்தில் இருந்த தேதியை அவள் முன்பே வீட்டில் பார்த்திருந்தாள்.

விசாரணை நாளன்று காலை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை அவருக்கு மாட்டிவிட்டாள். கழுத்துப் பொத்தானில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே சொன்னாள். "சீட்டு கைப்பையில இருக்கு. எல்லாத்தையும் சொல்லிடறேன். நீங்க கவலைப்படாதீங்க."

"நீ சொன்னா சரியாயிடும்" என்றார் அவர். ரொம்ப நாளைக்கப்புறம் முகம் தெளிந்திருந்தது.

ஒரே பஸ்ஸில் போனார்கள். வாரிய அலுவலகத்தில் மட்டும் தனித்தனி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மாடியில் நீளமான மேஜை போட்ட அறை. தண்ணீர் வாரியமே ஆனாலும் மேல்தளத்துக் குழாய் ஒழுகி கூரையில் பழுப்புக் கறை படர்ந்திருந்தது. விசாரணை அதிகாரி ஓய்வு பெறப்போகிற வயதில் ஒரு பொறியாளர். இருமிக்கொண்டே ஃபைலைப் புரட்டினார். கெட்ட மனுஷராகத் தெரியவில்லை.

"நீங்கதான் ஆலையில இருந்து வந்தவங்களா?"

"ஆமா சார்."

"இவரைத் தெரியுமா?"

"என் வீட்டுக்காரர்."

பொறியாளர் இருமுவதை நிறுத்தினார். "ஆலையில இருந்து வந்த கடிதத்துல அப்படி ஒண்ணும் இல்லையே."

"யாரும் கேக்கல சார்."

"சரி. எண்ணுக்குச் சொந்தக்காரங்க கிடையாது. இருபத்தெட்டு நாள்ல எவ்வளவு?"

"புள்ளி நாலு."

"மண்வெட்டியால வெட்டலாமா?"

"அன்னிக்கு வெட்டலாம் சார். இன்னிக்கு வெட்ட முடியாது." சொல்லிவிட்டு அவள் புதுச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

பொறியாளர் நிதானமாகப் படித்தார். எதிர் பெஞ்சிலிருந்து வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி ஒரு பார்வை.

"எனக்கும் சந்தேகம் இருந்துச்சும்மா" என்றார் பொறியாளர். "பத்து மணி நேரம் ஒருத்தன் வெயில்ல நின்னு சோம்பேறித்தனம் பண்ண முடியாது. இந்தச் சீட்டை ஃபைல்ல சேத்தா இவர்மேல இருக்கற குற்றம் நிக்காது. ஆனா அடுத்தாப்ல ஒரு கேள்வி வரும். மூணு வருஷமா ஊத்தின தெருவெல்லாம் இப்படித்தான்னா, இந்தக் கலவைக்கு யாரு பொறுப்பு? கசடு போடலாம்னு சொன்னது யாரு?"

யாராவது இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்களா என்று மூன்று வருஷமாக ஏங்கியவள் அவள். படத்தில் தெரிகிற அந்தப் பாதிக் காதைத் தினமும் கடந்து போகும்போதெல்லாம் ஏங்கியவள். கேட்டேவிட்டார்கள். கேட்ட இடம் இது.

"மேனேஜர்தானே?" என்றார் அவள் வீட்டுக்காரர், பெஞ்சிலிருந்து.

பொறியாளர் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "மேனேஜர் ஏற்கெனவே எழுதி அனுப்பிட்டாரு. கலவையோட யோசனை, விகிதம், சோதனை எல்லாமே சோதனை அறைப் பொறுப்பாளருடையதுன்னு. உங்க பேரும் போட்டிருக்காரு. உண்மையா?"

அவள் பெயர் முழுசாக, எழுத்துப் பிழையில்லாமல், அந்தத் தாளில் இருந்தது. விருதில் இல்லாத பெயர்.

"உண்மைதான் சார். நான்தான் சொன்னேன்."

கூரையிலிருந்து ஒரு சொட்டு மேஜை ஓரத்தில் விழுந்தது.

"நீயா?" என்றார் அவர்.

"ஆமாங்க."

அவர் தன் ரெண்டு கையையும் மடியில் திருப்பி வைத்துப் பார்த்தார். யாரோ தெரியாதவர் கையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"இதைச் சேத்தா விசாரணை உங்க பக்கம் திரும்பும்" என்றார் பொறியாளர் அவளிடம். "ஆலை உங்களைக் கைகழுவிடும். அதுக்குத்தான் இந்தக் கடிதம். இவருக்கும் உடனே வேலை திரும்பக் கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். முடிய ஒரு வருஷம் ஆகலாம்."

"சேத்துக்கங்க சார்" என்றாள் அவள்.

"வேண்டாம் சார்." அவர் எழுந்து நின்றிருந்தார். "அந்தச் சீட்டை அவகிட்டயே குடுத்துடுங்க. நான்தான் மெதுவா வேலை செஞ்சேன். அப்படியே எழுதிக்கங்க."

"என்னங்க, வேண்டாங்க. சார், அவர் பொய் சொல்றார்."

"நீ சும்மா இரு." குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "என் கை எப்படியும் போச்சு. இனிமே இதை வெச்சுக்கிட்டு எந்தக் குழியைத் தோண்டப்போறேன்? ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து அந்த உருளையைச் சுரண்டிட்டு இருக்க முடியாது."

பொறியாளர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் கஷ்டமும் தெரிந்தது, பெரிய வேலை ஒன்று தலைக்கு வராமல் போனதில் ஒரு நிம்மதியும் தெரிந்தது. சீட்டை அவள் பக்கம் தள்ளினார். ஒரு பக்கம் எழுதி முடித்து, கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார்.

அவர் வாங்கினார். விரல்களுக்கு நடுவிலிருந்து பேனா நழுவியது. எடுத்துக் கொடுத்தார்கள், மறுபடி நழுவியது. அவள் எழுந்து பக்கத்தில் போனாள், கையைப் பிடித்துக்கொள்ள. அவர் தோளைத் திருப்பிக்கொண்டார். பொறியாளர் இருமிக்கொண்டே கைநாட்டு மைப்பெட்டியை எடுத்துத் திறந்து வைத்தார். படித்த மனுஷன், அழகான கையெழுத்து உள்ள மனுஷன், அவள் வீட்டுக்காரர் கட்டைவிரலை உருட்டி வைத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

"மேனேஜர் பேர் வாங்கிட்டுப் போயிட்டாரு. சொன்னா நீங்க என்னை ஏமாளின்னு சிரிப்பீங்கன்னு..."

அவர் உண்மையிலேயே சிரித்தார். "பேரு கிடைச்சிடுச்சு பாரு." கொஞ்ச தூரம் போனபிறகு சொன்னார். "கசடு போட்டதைக்கூட விடு. தெரியாம நடந்தது. கல்லு மாதிரி இருக்குன்னு வந்து சொன்னேனே, அன்னிக்கு வயசாயிடுச்சுன்னே. அதுதான்."

அந்த வாக்கியத்தை அவள் எந்த இயந்திரத்தில் வைத்து உடைப்பாள்?

அவருக்கு வேலை நீக்க உத்தரவு பத்து நாளில் வந்தது. அதே வாரம் சாம்பல் சார் ஒரு புதுத் தெருவுக்கான சான்றைக் கொண்டுவந்து வைத்தார். எண் புள்ளி நாலு, மண்வெட்டியால் தோண்டத் தக்கது. அவள் கடைசியில் பேனாவால் ஒரு வரி சேர்த்தாள்: இருபத்தெட்டு நாளுக்கு மட்டும். மத்தியானத்துக்குள் அந்தத் தாள் அந்த வரி இல்லாமல் சுத்தமாக டைப் ஆகித் திரும்பி வந்தது. மேனேஜர் நின்றுகொண்டே இருந்தார். வீட்டில் இப்போது ஒருத்தர் சம்பளம்தான் என்பது அவருக்கும் தெரியும். அவள் போட்டாள். கையெழுத்து எப்போதும்போல வந்தது. நெட்டையன் என்றைக்காவது அந்தத் தெருவுக்குக் கடப்பாரையோடு போவான் என்று தெரிந்தே போட்டாள்.

மறுநாள் காலை அவர் வேலை தேடிப் போவதாகச் சொன்னார். ஏதோ கிடங்கில் காவலாளி வேலையாம். அவள் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் மாட்டிவைத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள். திரும்பி வந்தபோது சட்டை மாட்டினபடியே இருந்தது. கண்ணாடி முன்னால் அவர் வட்டக் கழுத்துப் பனியன் சட்டை ஒன்றைத் தலை வழியாக இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார். கடையில் மடித்த கோடு இன்னும் அதில் போகவில்லை. எப்போது வாங்கினார் என்று அவளுக்குத் தெரியாது.

பழக்கத்தில் அவள் கை அவர் கழுத்துப் பக்கம் நீண்டுவிட்டது.

"வேண்டாம்" என்றார் அவர். "இதுல பொத்தான் இல்ல."